அப்பா இன்னும் வரலையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடமாக மறதி நோய். வேலையை விட்டுவிட்டு நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். "கடைக்குப் போன அப்பா இன்னும் வரலையா?" என்று ஒரு நாளில் இருபது முறை கேட்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல், "அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் சேதி கேட்டவள் போல அழுதாள். பத்து நிமிடத்தில் அவள் மறந்துவிட்டாள், என்னால் முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அக்கா, "உன்னையும் கவனிச்சுக்கோ, தியானம் பண்ணு" என்று தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறாள். பார்த்தாலே எரிச்சல் வருகிறது. தப்பு என்னிடம்தானா?

க., திருச்சி

அன்புள்ள க.,

குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட முடியாதவரிடம் தியானம் பண்ணு என்றால் எரிச்சல் வராமல் வேறென்ன வரும்?

என் அப்பா பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். கூட இருந்தது நான். ஒருநாள் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவி, கட்டைவிரலுக்குக் கீழே வெட்டிவிட்டது. சின்னக் காயம்தான், ஆனால் ஆறவே இல்லை. சர்க்கரையோ என்று பரிசோதித்தேன், இல்லை. படுக்கைப்புண் வரக்கூடாது என்று அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பவன், தன் கைக்கட்டை மாற்ற மறந்துபோவான்.

ரொம்ப நாள் கழித்து, 1995இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர், ஏறக்குறைய அதே வயதில் அந்தச் சுமை இல்லாதவர்கள் 13 பேர். எல்லாருக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் உண்டாக்கி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். பராமரிப்பவர்களுக்குச் சுமார் 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. 13 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே, கத்தியது நீங்கள் இல்லை என்று சமாதானம் சொல்லமாட்டேன். உங்களோடு சேர்ந்து, மூன்று வருடம் சரியாகத் தூங்காத உடம்பும் கத்தியிருக்கிறது.

அம்மா மறுபடி கேட்டால் அந்த மரணத்தைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. "அப்பா கடையிலேருந்து உனக்கு என்னம்மா வாங்கிட்டு வருவார்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கோடா, மல்லிகைப்பூ என்று பேச்சு ஓடலாம். சில நாள் ஓடாது.

தியானத்தைப் பற்றி ஒன்று. ஜான் கபாட்-ஸின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய தியானப் பயிற்சி, தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக வந்தது. வலியை விரட்டுவதாக அவர் சொல்லவில்லை. அது இருக்கட்டும், எப்படி இருக்கிறது என்று கவனி என்றார். எனக்குக் கண்ணை மூடி உட்கார நேரம் வாய்க்கவில்லை. காபியை மட்டும் உட்கார்ந்து குடிக்கப் பழகினேன். அதுவரை அடுப்படியில் நின்றபடி ஆறிப்போனதைக் கவிழ்த்துக்கொள்வேன். டபராவின் சூடு, முதல் கசப்பு, அவ்வளவுதான். நடுவே மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குவேன். இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

இதெல்லாம் சில்லறை. என்னைக் காப்பாற்றியது பெரியம்மா மகன். ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்காருவான், 6 மணிக்குப் போவான். முதல் ஞாயிறு எங்கே போவதென்றே தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் வேர்க்கடலையோடு உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அவன் வீட்டில் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வரும் பணிப்பெண்ணுக்கான சம்பளத்தை அக்காவிடம் கேளுங்கள். வருடத்தில் ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் வீடியோ அனுப்புகிறாள் என்று தோன்றுகிறது.

ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் மனநல மருத்துவரையே பாருங்கள்.

முதலில் அக்காவுக்குப் போன் போடுங்கள். அடுத்த வீடியோ வந்த கையோடு போட்டால் இன்னும் நல்லது.