ஏஜிசி எதை அளக்கிறது, எங்கே குறைக்கிறது: ட்யூனர் கேள்வி பதில்

ட்யூனர்களில் ஏஜிசி (சிக்னலின் பலத்துக்கேற்ப கெய்னை, அதாவது பெருக்கத்தின் அளவை, தானாக ஏற்றி இறக்கும் சுற்று) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சிக்னல் குறைந்தால் கெய்னை ஏற்று, கூடினால் இறக்கு. அவ்வளவுதானே சார்? ‘அடாப்டிவ்’ என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

அந்த அளவுக்கு 1925-லேயே ஹரால்டு வீலர் செய்துவிட்டார். டயோடில் கிடைக்கும் டிசி வோல்டேஜை முந்தைய நிலைகளுக்குத் திருப்பி அனுப்பினால் ஏஎம் ரேடியோவுக்கு வேலை முடிந்தது. ஒரே சிப்பில் ஏஎம், எஃப்எம், டிஏபி (டிஜிட்டல் ரேடியோ), டிவி எல்லாம் வரும்போதுதான் தலைவலி. எதை அளப்பது, எவ்வளவு வேகமாகத் திருத்துவது, எந்த இடத்தில் குறைப்பது என்ற மூன்றுமே ஸ்டாண்டர்டுக்கு ஸ்டாண்டர்டு மாறும்.

பழைய அனலாக் டிவியையே பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் நெகட்டிவ் மாடுலேஷன், அதாவது படம் இருட்டானால் கேரியர் கூடும். வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் சிங்க் பல்ஸ் வரும்போதுதான் கேரியர் உச்சத்தில் இருக்கும். படம் இருட்டோ வெளிச்சமோ, அந்த உச்சம் மாறாது. வரிக்கு வரி அதை அளந்தால் போதும். பிரான்ஸின் எல் ஸ்டாண்டர்டு நேர் தலைகீழ். அங்கே சிங்க் அடியில் கிடக்கும், உச்சம் என்பது வெள்ளை. இருட்டான காட்சி வந்ததும் சிக்னல் குறைந்துவிட்டது என்று நினைத்து ஏஜிசி கெய்னை ஏற்றிவிடும். அதனால் அந்த ஒரு ஸ்டாண்டர்டுக்கு மட்டும் ஏஜிசியை மிக மெதுவாக ஓட்டினார்கள்.

கேள்வி: ஆர்எஃப் கெய்ன், ஐஎஃப் கெய்ன் இரண்டில் எதை முதலில் குறைக்க வேண்டும்?

ஐஎஃப். ஆர்எஃப் என்பது ஆன்டெனாவை ஒட்டிய நிலை, ஐஎஃப் என்பது மிக்சர் அதிர்வெண்ணை மாற்றிய பிறகு வரும் நிலை. முதல் நிலையான எல்என்ஏவின் (குறைந்த இரைச்சல் பெருக்கி) கெய்ன் குறையக் குறைய, பின்னால் இருக்கும் மிக்சர், ஃபில்டர்களின் இரைச்சல் தலைதூக்கும். எனவே சிக்னல் பலவீனமாக இருக்கும்வரை ஆர்எஃப் முழுக் கெய்னில் இருக்கட்டும். ஏற்ற இறக்கத்தை ஐஎஃப் சமாளிக்கட்டும். சிக்னல் போதுமான அளவு வலுத்த பிறகுதான் ஆர்எஃப் இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு டேக்ஓவர் பாயிண்ட் என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் வெப்ப இரைச்சல் சுமார் −105 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ட்யூனரின் நாய்ஸ் ஃபிகர் (அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல்) 5 டெசிபல் என்றால் இரைச்சல் தரைமட்டம் −100. டிமாடுலேட்டருக்கு (சிக்னலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் பகுதி) சிக்னல் இரைச்சலைவிட 20 டெசிபல் மேலே தேவை என்றால் −80-இலேயே படம் வந்துவிடும். ஆனால் −75-இலேயே ஆர்எஃப்பை இறக்க ஆரம்பித்தால், சிக்னல் எவ்வளவு ஏறினாலும் தரம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். ஏறிய லாபத்தை இரைச்சல் தின்றுவிடும். ரொம்பத் தாமதித்தாலோ மிக்சர் திணறும். டேக்ஓவர் பாயிண்டைத் தொழிற்சாலையில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கேள்வி: எனக்கு வேண்டிய சேனல் −75 டிபிஎம். பக்கத்துச் சேனல் −25. ஏஜிசி எதை நம்ப வேண்டும்?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் அகலப்பட்டை டிடெக்டர் பக்கத்துச் சேனலைப் பார்த்து ‘இறக்கு’ என்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குறும்பட்டை டிடெக்டர் ‘ஏற்று’ என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே பவரை மட்டும் அளக்கின்றன, தரத்தை இல்லை.

அப்புறம் என்ன செய்வது? ஆர்எஃப் கெய்னை ஒரு டெசிபல் இறக்கிவிட்டு டிமாடுலேட்டரின் எம்இஆரைப் (சிக்னல் தரத்தின் அளவு, கூடினால் நல்லது) பாருங்கள். கெடுதல் மூன்றாம் வரிசை இன்டர்மாடுலேஷனால் (வலுவான சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் போலிச் சிக்னல்) என்றால், அது 3 டெசிபல் இறங்கும், சிக்னல் 1 டெசிபல்தான் இறங்கும், எம்இஆர் கூடும். இரைச்சலால் என்றால் எம்இஆர் குறையும், உடனே பழைய இடத்துக்குத் திரும்புங்கள். இப்படி மெதுவாகத் தட்டித் தட்டித் தேடுவதைத்தான் நான் அடாப்டிவ் என்று ஒப்புக்கொள்வேன். வெறும் டைம் கான்ஸ்டன்ட் மாற்றுவதற்கெல்லாம் அந்தப் பெயர் அதிகம்.

கேள்வி: டிஏபி ரிசீவர் செய்கிறேன். சிக்னல் வலுவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் பிழைகள். ஏஜிசிதான் காரணமா?

அநேகமாக அதுதான். மோட் 1-இல் ஒரு ஃபிரேம் 96 மில்லிசெகண்ட். அதன் தலையில் சுமார் 1.3 மில்லிசெகண்டுக்கு நல் (வெற்று) சிம்பல்: டிரான்ஸ்மிட்டர் ஏறக்குறைய மௌனம். உங்கள் ஏஜிசி வேகமாக இருந்தால், சிக்னல் போய்விட்டது என்று பதறி அதற்குள் கெய்னை ஏற்றிவிடும். அடுத்து வருவது ஃபேஸ் ரெஃபரன்ஸ் சிம்பல். ஏற்றிய கெய்னோடு அது ஏடிசியில் (அனலாக் சிக்னலை எண்களாக்கும் பகுதி) போய் முட்டி நசுங்கும். டிஏபியில் ஒவ்வொரு சிம்பலின் ஃபேஸும் முந்தையதோடு ஒப்பிட்டுத்தான் படிக்கப்படுகிறது. முதல் ரெஃபரன்ஸே நசுங்கினால் அடுத்தது எப்படிச் சரியாக வரும்?

ஃபிரேமோடு சிங்க் (ஒத்திசைவு) கிடைத்த பிறகு நல் சிம்பல் நேரத்தில் ஏஜிசியை உறைய வைத்துவிடுங்கள். சிங்க் கிடைக்கும் முன் அது எங்கே என்று தெரியாதே? அதுவரை இறக்கத்தை வேகமாகவும், ஏற்றத்தை மெதுவாகவும் வையுங்கள். டிவிபி-டி2 டிஜிட்டல் டிவியில், வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிய எஃப்இஎஃப் பகுதிகளிலும் இதே கதை நடக்கலாம்.

இன்னொன்று: ஓஎஃப்டிஎம் (டிஏபி, டிவிபி-டி2 போலப் பல சிறு கேரியர்களில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) சிக்னலின் உச்சங்கள் சராசரியைவிட 10 டெசிபலுக்கு மேல் எகிறும். சராசரியை ஏடிசியின் உச்ச வரம்புக்கு 12 டெசிபல் கீழே வைப்பது பாதுகாப்பு.

கேள்வி: ஏஜிசியை வேகமாக்கினேன், ஏஎம்மில் பேஸ் (தாழ்ந்த ஒலி) போய்விட்டது.

போகத்தான் செய்யும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அதைவிட வேகமான ஏஜிசி, ஒலியையே ஃபேடிங் என்று நினைத்துச் சமன் செய்துவிடும். ஸ்டேஷன் மாற்றும்போது மட்டும் வேகம், நிலைத்ததும் மெதுவாக.

கேள்வி: எஃப்எம்மில் லிமிட்டர் இருக்கிறதே, ஏஜிசி எதற்கு?

சிக்னலின் ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடும் லிமிட்டர் கடைசியில் இருக்கிறது, சேதம் முதலிலேயே நடந்துவிடுகிறது. 98, 99 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பலமான ஸ்டேஷன்கள் எல்என்ஏவைத் திணறடித்தால் 97-இலும் 100-இலும் பேய் ஸ்டேஷன்கள் முளைக்கும். லிமிட்டர் அவற்றையும் சுத்தமாகத் தட்டையாக்கித் தரும்!

கேள்வி: ஆர்820டி ட்யூனர் உள்ள எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் ரேடியோ) டாங்கிளில் கெய்னை ஆட்டோவில் விடலாமா?

கையால் வைப்பதே மேல். அதில் 0 முதல் 49.6 டெசிபல் வரை 29 படிகள் உண்டு. ஏடிசி வெறும் 8 பிட், அதாவது சுமார் 50 டெசிபல் இடம்தான். ஆன்டெனாவை மாட்டியதும் இரைச்சல் தரைமட்டம் லேசாக உயரும்வரை படி ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சாஃப்ட்வேரில் தனியாக இருக்கும் ஆர்டிஎல் ஏஜிசி டிக்கை எடுத்துவிடுங்கள். அது ஏடிசிக்குப் பின்னால் எண்களைப் பெருக்குவது. ஏற்கெனவே நசுங்கிய சிக்னலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.