கற்பூர மரமும் வற்றிய ஊற்றும்

கேள்வி: தோட்டத்து மேட்டில் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) வைத்தோம். கீழே இருந்த ஊற்று வற்றிவிட்டது. மரத்தை வெட்டினால் தண்ணீர் திரும்புமா ஐயா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: திரும்ப வாய்ப்புண்டு அம்மா, ஆனால் வெட்டிய வருடமே எதிர்பார்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் மொகோபுலான் என்ற இடத்தில் புல்வெளியில் யூக்கலிப்டஸ் நட்டு ஆராய்ந்தார்கள். ஒன்பதாம் வருடம் ஓடை முழுக்க நின்றுபோனது. 16 வருடத்தில் மரத்தை வெட்டியும், ஓடை வற்றாமல் ஓட இன்னும் 5 வருடம் ஆனது. வேர், ஆழத்து மண்ணின் ஈரத்தையும் குடித்துவிடுகிறது. பெய்கிற மழை முதலில் அந்தக் கடனை அடைக்க வேண்டும். பக்கத்தில் பைன் நட்ட ஓடையும் வற்றியது, சற்றுத் தாமதமாக.

உங்கள் மலைக்கே வருகிறேன். ஊட்டி பக்கம் கிளென்மார்கனில் இதே மரத்தை நட்டு அளந்தபோது, முதல் சுற்றில் (நட்டது முதல் வெட்டும்வரை) நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையில் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். வேர் முன்பே ஆழமாக இறங்கி நிற்கிறதே! அதனால் கட்டைத் துளிரை விடாமல் ஒடித்துவிடுங்கள், அதுதான் முக்கியம். அப்புறம், பட்டையை அங்கேயே உரித்துப் போடுங்கள். மரம் எடுத்த சுண்ணாம்புச்சத்தில் நிறைய அதில்தான் இருக்கிறது. சருகைக் கொளுத்தவே வேண்டாம். வெட்டுமுன் அனுமதி பற்றி வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.