கஸ்டம் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

சொல்லிச் செய்ய வைக்கும் விலை உயர்ந்த பேஸ் கிட்டார்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி மரத்தைப் பற்றி. மரத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும் உண்டு. ஆனால் கையில் எடுத்து வாசிக்கும்போது முதலில் தெரிவது நெக்கும் எடையும் கம்பிகளின் இடைவெளியும்தான். என் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, பல வருடமாக ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வாசிக்கிறேன். ஃபோடெரா வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அதில் அப்படி என்னதான் கூடுதலாக இருக்கிறது?

தம்பி, ஃபோடெரா 1983-ல் வின்னி ஃபோடெராவும் ஜோயி லாரிசெல்லாவும் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய பட்டறை. பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் கையில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தரத்துப் பேஸ்கள் பல ஆயிரம் டாலரில் தொடங்கும். நீங்கள் கேட்பதைப் பொறுத்து 10,000-ஐயும் தாண்டும். விலை பத்து மடங்கு என்பதற்காகச் சத்தம் பத்து மடங்கு நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. தெரிவது வாசிப்பவருக்கு: எந்த ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கை வைத்தாலும் ஒரே அளவு சத்தம், ஒரே அளவு நீட்சி.

இதை உங்கள் பேஸிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செருகாமல், ஜி கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாக மீட்டி, சத்தம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். போல்ட் போட்ட மேப்பிள் நெக்கில் பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஓரிடத்தில் நோட்டு சட்டென்று செத்துப்போகும். நெக் தன் போக்கில் அதிரும்போது அந்தக் கம்பியின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இதைக் குறைக்கத்தான் பல அடுக்கு நெக், உள்ளே கிராஃபைட் பட்டை, முழு கிராஃபைட் நெக் என்று 1970களின் பிற்பகுதியிலிருந்து ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் அடையாளமான அந்த ஒலி 1977 ஜாஸ் பேஸ் ஒன்றிலிருந்து வந்தது. கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி அதற்குள் ப்ரீஆம்ப் (ஒலியை ஆம்புக்குப் போகும் முன்பே வலுப்படுத்தும் சிறு மின்சுற்று) வைத்துக் கொடுத்தார். உங்கள் ஜாஸ் பேஸின் நெக் நல்ல நெக் என்றால், ஃப்ரெட்டுகளைச் சமன் செய்து, நட்டை (தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து நிற்கும் பட்டை) மாற்றி, ஒரு நல்ல ப்ரீஆம்ப் போட்டு ஆறு மாதம் வாசியுங்கள். அதற்கப்புறமும் குறை தெரிந்தால், புதிதாகச் செய்யச் சொல்லும்போது என்ன கேட்பது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

கேள்வி: ஐந்து கம்பி பேஸில் பி கம்பி தொளதொளவென்று இருக்கிறது. 35 அங்குல ஸ்கேல் கேட்கலாமா?

ஸ்கேல் என்றால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். கேட்கலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 34-லிருந்து 35-க்குப் போனால் சுமார் 6 சதவீதம், 36-க்குப் போனால் 12 சதவீதம். கனடாவின் டிங்வால் பேஸ்களில் ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி சாய்ந்திருக்கும். பலவற்றில் பி கம்பி 37 அங்குலம், ஜி கம்பி 34 அங்குலம். அங்கே பி கம்பிக்கு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் கிடைக்கிறது. இந்தச் சாய்ந்த ஃப்ரெட் முறைக்கு ரால்ஃப் நோவாக் 1989-ல் காப்புரிமை வாங்கினார். பார்க்கத்தான் பயமாக இருக்கும், அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. கீழ் பியின் அதிர்வெண் 30.87 ஹெர்ட்ஸ். மேடையில் இருக்கும் பத்து அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதை ஒழுங்காக ஒலிக்கவே விடாது. நாம் கேட்பது 62, 93 என்று மேலே வரும் இணைச்சுரங்களை. அடிச்சுரத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. அந்த இணைச்சுரங்கள் தெளிவாக வர நெக் விறைப்பாக இருக்க வேண்டும், நட்டில் வெட்டிய பள்ளம் கம்பியின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். 34 அங்குலத்திலேயே அருமையான பி கேட்டிருக்கிறேன், 35-ல் சேறு மாதிரி ஒலித்ததையும் கேட்டிருக்கிறேன். முதலில் .130 அங்குலத் தடிமனுள்ள பி கம்பி போட்டுப் பாருங்கள். அது செலவு குறைவு.

கேள்வி: ஆறு கம்பி எடுத்தால்தான் பெரிய ஆள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா சார்?

பேஸ் மேதை ஸ்டான்லி கிளார்க் அலெம்பிக் நிறுவனத்தின் பேஸில் நான்கு கம்பிதான் வாசிக்கிறார், அதுவும் 30¾ அங்குலக் குட்டை ஸ்கேலில். அவரிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்றைய மாதிரி ஆறு கம்பி பேஸ் வேண்டும் என்று அடம்பிடித்தவர் பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன். 1975-ல் கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் அவருக்காகச் செய்தார்; பி, இ, ஏ, டி, ஜி, சி என்று சுருதி. பிறகு ஃபோடெராவோடு சேர்ந்து 36 அங்குல ஸ்கேல் வரை போனார். கிட்டார்க் குடும்பத்தின் அடிக்குரலுக்குக் கீழே இன்னும் இடம் வேண்டும் என்பது அவருடைய தேவை. உங்களுக்கு அந்தத் தேவை இருக்கிறதா? கார்டு வாசிப்பு, மேலே தனியாக மெட்டு வாசிப்பது என்று இருந்தால் எடுங்கள். நாம் கேட்டு வளர்ந்த எண்பதுகளின் சினிமாப் பாட்டு பேஸ் வரிகள்தான் ஆசை என்றால், நான்கே தாராளம்.

கேள்வி: ஹவாய் கோவா (koa) மர மேல்பலகை, புலிவரி மேப்பிள், ரோஸ்வுட், எபனி (கருங்காலி)... எதைத் தேர்ந்தெடுப்பது?

மேல்பலகை ஐந்தாறு மில்லிமீட்டர். அது கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி: கட்டுங்கள், சந்தோஷப்படுங்கள், ஆனால் அதனால் குரல் மாறாது. ஒலியில் பங்கு கேட்பது நெக், அப்புறம் ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை), அப்புறம் பாடியின் எடை. ஃபிங்கர்போர்டாக வரும் இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான். பழைய பேஸ் வாங்குகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். மற்ற ரோஸ்வுட்களுக்கும் 2017-ல் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: ஒன்பது வோல்ட்டா, பதினெட்டா? ஆக்டிவ் இல்லாமல் வாழ முடியாதா?

நன்றாக வாழலாம். ஆக்டிவ் சுற்றின் (பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்) முதல் பயன், நீளமான கேபிளில் உச்சஸ்தாயி கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. அடி ஒலியையும் உச்ச ஒலியையும் (ட்ரெபிள்) கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் அதற்கு மேல் கிடைக்கும் வசதி. 18 வோல்ட் என்றால் ஓங்கி அடிக்கும்போது ஒலி உடையாமல் வரும், ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) அடிப்பவருக்கு நல்லது. விரலால் மென்மையாக வாசிப்பவருக்கு ஒன்பது போதும். செய்பவரிடம் தவறாமல் கேளுங்கள்: பேட்டரி செத்தால் பாஸிவில் (பேட்டரி இல்லாமல்) ஓட ஒரு ஸ்விட்ச் வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்தால் இடது தோள் விட்டுப்போகிறது. கஸ்டமில் இதற்குத் தீர்வு உண்டா?

இதற்காகவே கஸ்டம் செய்யலாம். நாலரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கிலோவுக்குள் என்றால் உத்தமம். பாடியின் உள்ளே குடைந்து எடை குறைப்பார்கள். ஆனால் எடையைவிட முக்கியம் சமநிலை. பேஸை பெல்ட்டில் மாட்டி இரண்டு கையையும் எடுங்கள். தலைப்பக்கம் தாழ்ந்தால், கச்சேரி முழுக்க உங்கள் இடது கை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வலி அங்கிருந்துதான் வருகிறது. மேல் கொம்பில் பெல்ட் மாட்டும் பொத்தான் கிட்டத்தட்ட பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக வந்தால் பெரும்பாலும் தாழாது. முறுக்காணிகளை எடை குறைந்தவையாக மாற்றினாலும் நல்ல வித்தியாசம் தெரியும். அகலமான பெல்ட்டும் வாங்குங்கள், வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறுகின்றன. இவ்வளவு விலை கொடுத்தும் இப்படியா?

விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து, ஃபிங்கர்போர்டு மரம் சுருங்குகிறது. உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. அறையில் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்படி ஹியூமிடிஃபையர் வையுங்கள், வாசிக்காத நேரம் பெட்டியில் வையுங்கள். அராவ அவசரப்படாதீர்கள்.

நெக் வளைவையும் பருவத்துக்குப் பருவம் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டு) திருப்ப வேண்டியிருந்தால் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: உப்புக்காற்றில் கம்பியும் ஸ்க்ரூவும் துரு ஏறும். துடைத்து வைப்பதுதான் மருந்து.

கேள்வி: முன்பணம் கொடுக்கப் போகிறேன். எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

ஸ்கேல், நட்டின் அகலம், பிரிட்ஜில் கம்பி இடைவெளி, அதிகபட்ச எடை, நெக்கின் பின்புற வடிவம். இடைவெளியில் 19 மில்லிமீட்டர் என்றால் ஸ்லாப்புக்கு விரல் தாராளமாக நுழையும், 16.5 என்றால் ஐந்து, ஆறு கம்பியில் வலது கை அலையாது. உங்களுக்குப் பிடித்த பேஸை அளந்து அந்த எண்களை அனுப்புங்கள். ‘வசதியான நெக்’ என்று எழுதினால் அது செய்பவருக்கு வசதியாகத்தான் வரும். எப்போது முடியும், தாமதமானால் என்ன, சுங்கவரி யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும்.

விசித்திரமாகக் கேட்டால் பின்னால் விற்பது கஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் பெயரைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் முத்துச்சிப்பியில் பதித்த பேஸை அதே பெயருள்ள ஆள்தான் வாங்குவார்.

கேள்வி: புது பேஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு உரசலும் சொடுக்கும் கேட்கிறது. பழையதே நன்றாக இருந்ததோ என்று தோன்றுகிறது.

பேஸ் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்! பழையது மறைத்ததை இது காட்டுகிறது. ஆம்ப் சத்தத்தைக் கூட்டி, வலது கை அடியைப் பாதியாகக் குறையுங்கள். கட்டைவிரலை ஒரே இடத்தில் ஊன்றாமல், வாசிக்கும் கம்பிக்கு மேலுள்ள கம்பியில் நகர்த்தி நகர்த்தி வையுங்கள், சும்மா இருக்கும் கம்பிகள் முனகாது. விரல் ஆழமாக இறங்குகிறது என்றால் பிக்கப்புகளுக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கட்டைகள்) நடுவில் ஒரு மரத்துண்டு, ராம்ப் என்பார்கள், வைக்கலாம். பேஸ் கலைஞர் கேரி வில்லிஸ் பிரபலமாக்கியது. ப்ரீஆம்ப் குமிழ்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் ட்ரெபிளை ஏற்றி வைத்துக்கொண்டு சொடுக்கு கேட்கிறது என்கிறார்கள்.

கேள்வி: கடைசியாக ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ். கோடு போட்டதா, போடாததா? போர்டு தேய்ந்துவிடாதா?

கோடு போட்டதையே எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டைப் பிடுங்கிய தடங்கள் கோடாகத்தான் நின்றன. ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான) கம்பி மரத்தை அரிக்கும் என்பதால்தான் அவர் படகுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைப் பூசினார். எபாக்சி பூசினால் ரவுண்ட்வவுண்ட் போடலாம், அந்த ‘ம்வா’ என்ற இழுப்பும் நன்றாக வரும். வெறும் எபனி போர்டு என்றால் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பானது) போடுங்கள். எது எடுத்தாலும் விரல் கோட்டுக்குப் பின்னால் அல்ல, சரியாகக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். ஃப்ரெட் பேஸில் பழகிய கைக்கு இதுதான் முதல் தடுமாற்றம். தம்பூரா ஆப்பை ஓட விட்டு தினமும் பத்து நிமிடம் ஸ்கேல் வாசியுங்கள்.