பனியின் மறுமுனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அலுவலகத்தில் ராபர்ட் ஸ்வானின் உரை ஒன்றைத் திரையிட்டார்கள். இரு துருவங்களுக்கும் நடந்தே சென்ற முதல் மனிதர். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. மூன்றாம் நாள் அந்த வேகம் போய்விட்டது, ஒரு கசப்புதான் மிஞ்சியது. விமானத்திலும் கப்பலிலும் அவ்வளவு தூரம் போய்வருபவர்கள் பருவநிலை மாற்றம் பற்றி நமக்குச் சொல்லலாமா? நானோ வாடகை வீட்டில் இருப்பவன். மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனல் வைக்கக்கூட உரிமை கிடையாது. என்னால் என்னதான் ஆகும்?

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

உங்கள் கசப்பில் நியாயம் இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு இப்போது ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். பனியைப் பார்த்தால் மனம் மாறும் என்று சொல்லி டிக்கெட் விற்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆனால் ஸ்வானின் முதல் பயணத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அவர் பூமியைக் காப்பாற்றப் போகவில்லை. சிறுவயதிலிருந்தே பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட் மேல் பித்து. 1912-ல் தென்துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோன ஸ்காட்டின் தடத்தில் நடந்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1985 நவம்பரில் மூன்று பேர் கிளம்பினார்கள். கையில் ரேடியோ கிடையாது. சறுக்குவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு 70 நாள், சுமார் 1,400 கிலோமீட்டர். 1986 ஜனவரி 11 அன்று துருவத்தை அடைந்தார்கள். அதே நாளில் அவர்களுடைய கப்பலைப் பனி நெருக்கி உடைத்து மூழ்கடித்தது.

அந்த நடையில் முகத்தோல் கொப்பளித்து உரிந்ததையும் கண்ணின் நிறமே வெளுத்ததையும் ஸ்வான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் மெலிந்து ஓட்டை விழுந்த வானத்தின் கீழ் நடந்திருக்கிறோம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஓட்டையை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்ததே 1985 மே மாதத்தில்தான், அவர்கள் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு.

நிரந்தரமாக யாரும் குடியிராத கண்டம் அது. அங்கே ஓட்டை போட்ட குளோரோஃப்ளூரோகார்பன் வாயு, எங்கெங்கோ இருந்த வீடுகளின் ஃபிரிட்ஜிலிருந்தும் ஸ்பிரே டப்பாவிலிருந்தும் கசிந்தது. பல்லாண்டுகள் அழியாமல் மிதந்து தென்துருவக் குளிர்வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் என்னை உலுக்கியது இதுதான். ஒரு முனை ஸ்வானின் முகத்தில், மறுமுனை யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில். மறுமுனையைப் பிடிக்க யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை.

1987-ல் ஓசோனைக் காக்க மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அந்த வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன, ஓட்டையும் மெல்ல ஆறிவருகிறது. மாற்றாக இப்போது புழங்கும் வாயுக்கள் பெரும்பாலும் ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் பொல்லாதவை. பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ வெளியேறினால் சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். சராசரி இந்தியர் ஒருவரின் பங்காக ஓர் ஆண்டில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடே ஏறக்குறைய அவ்வளவுதான். இவற்றைக் குறைப்பதாக 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஏற்கெனவே நம் சுவரில் மாட்டியிருப்பதை யார் பார்ப்பது?

முந்தைய கோடையில் எங்கள் வீட்டு ஏசி குளிரவில்லை. மெக்கானிக் வந்தார். வெளியே இருக்கும் யூனிட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு திருப்பு. உஸ்ஸென்று சீறியது. செப்புக்குழாயின் வாயில் வெண்பனி பூத்தது. "பழைய கேஸ் சார், வெளிய விட்டுட்டுப் புதுசா அடிச்சிரலாம்." நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை படித்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஏசியில் கேஸ் தானாகத் தீராது, செந்தில். பெட்ரோல்போல எரிந்துபோகிற பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "வருஷா வருஷம் அடிக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் இணைப்புகளில் சோப்புத்தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், கசியும் இடத்தில் நுரை பொங்கும். அதை அடைத்த பிறகுதான் புது கேஸ். பழையதை வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால், அதை சிலிண்டரில் பிடிக்கும் மெஷின் உள்ளவரைத் தேடுங்கள். இந்த வருடம் நான் அப்படித் தேடிப் பிடித்தேன். 600 ரூபாய் கூடுதலாக ஆனது.

வாடகை வீடு என்றீர்கள். வீடு மாறும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தவறு நடக்கிறது. ஏசியைக் கழற்றும் முன் "பம்ப் டவுன்" செய்யச் சொல்லுங்கள். வால்வை மூடி, கம்ப்ரஸரைச் சிறிது நேரம் ஓட்டி, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டும் வேலை. தெரிந்த மெக்கானிக்குக்குச் சில நிமிடம்தான். நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், ஆபத்து.

மூன்றாம் நாள் வேகம் போனதற்காக வருந்தாதீர்கள். ஸ்வான்கூட வெறும் வேகத்தை நம்பியிருக்கவில்லை. அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் ரஷ்ய ஆய்வுநிலையத்தைச் சுற்றிக் கிடந்த 1,500 டன் குப்பையை அகற்றும் வேலையைக் கையில் எடுத்து, ஆண்டுக்கணக்கில் அதிலேயே நின்றார்.

உங்கள் வீட்டில் ஏசி இருந்தால், அதன் வெளி யூனிட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். இன்று மாலை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்