பவர் டில்லர் பெல்ட்: அறுந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா வாங்கிய 13 எச்.பி. பவர் டில்லர், எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு மூன்று பெல்ட். குறுவைக்கு முன்னால் இரண்டு பெல்ட்டை மாற்றியிருக்கிறார். மூன்றாவது நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார். இப்போது சம்பா சேற்றுழவில், புதிதாகப் போட்ட இரண்டில் ஒன்று அறுந்துவிட்டது. "பழையது கல்லு மாதிரி அப்படியே இருக்குங்க ஐயா, புதுசுதான் மட்டம். கடையில ஒரே நம்பர்ல மூணு விலையில காட்டுறாங்க, ஒண்ணுல உள்பக்கம் பல்லு பல்லா இருக்கு. எதை வாங்கறது? அறுந்ததை மட்டும் மாத்தினா போதுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, போதாது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே நம்பரில் மாற்றுங்கள். பழையது கல்லு மாதிரி இருப்பதற்குக் காரணம் அது இத்தனை நாளாக வேலையே செய்யவில்லை என்பதுதான்.

பெல்ட் ஓட ஓட நீளும், ஓரங்களும் தேயும். அப்படி நீண்டுபோன ஒன்றோடு இரண்டு புதிய பெல்ட்டைச் சேர்த்துப் போட்டு இழுத்துக் கட்டினால், நீளம் குறைந்த புதியவைதான் விறைக்கும். பழையது தொளதொளவென்று கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று பெல்ட் பங்குபோட வேண்டிய 13 எச்.பி.யை இரண்டு பெல்ட் சுமந்திருக்கிறது. ஆளுக்கு நாலே கால் சொச்சம் என்று இருக்க வேண்டியது ஆறரை ஆகிவிட்டது. அதுவும் கேஜ் வீல் என்கிற இரும்புச் சேற்றுச் சக்கரம் மாட்டி, முழங்கால் சேற்றில், ரோட்டரி முழுசாக இறங்கிய நிலையில். உங்கள் புதிய பெல்ட்டை மட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருத்தர் இடுப்பு ஒடியத்தான் செய்யும்.

மூன்று புதிய பெல்ட் வாங்கும்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. சில கம்பெனிகள் நம்பருக்குப் பக்கத்தில் தனியாக 50 என்றோ 49, 51 என்றோ அச்சடித்திருக்கும். 50 என்றால் நீளம் கணக்காக இருக்கிறது என்று அர்த்தம். 51, 52 என்றால் இம்மி கூடுதல். 49, 48 என்றால் இம்மி குறைவு. மூன்றிலும் ஒரே எண் வருகிற மாதிரி பொறுக்கி எடுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் நின்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் போடாத கம்பெனி என்றால் ஒரே கட்டிலிருந்து மூன்றையும் கேளுங்கள்.

அடுத்தது நம்பர். உங்கள் பெல்ட்டின் நம்பரை நீங்கள் எழுதவில்லை, அதனால் கணக்கைச் சொல்கிறேன். டில்லரில் பெரும்பாலும் வருவது பி பெல்ட்: மேல் அகலம் 17 மி.மீ., கனம் 11 மி.மீ. ஏ பெல்ட் 13-க்கு 8, சி பெல்ட் 22-க்கு 14. எழுத்துக்குப் பின்னால் வருகிற எண், பெல்ட்டின் உள்சுற்று எத்தனை அங்குலம் என்பது. பி 68 என்றால் உள்சுற்று 68 அங்குலம், அதாவது 1,727 மி.மீ. இதே பெல்ட்டில் எல்பி 1770 என்றும் அச்சடித்திருப்பார்கள். அது பெல்ட்டுக்குள் இருக்கிற கயிறு ஓடுகிற நடுக்கோட்டு நீளம். பி பெல்ட்டில் உள்சுற்றைவிட 43 மி.மீ. கூடுதலாக வரும். இரண்டும் ஒரே பெல்ட்தான். இது தெரியாமல் '1770 வேற சைஸ்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் தையல்காரர் டேப்பை எடுத்து பெல்ட்டின் வெளிச்சுற்றை அளங்கள். பி பெல்ட்டுக்கு அதில் 69 மி.மீ. கழித்தால் உள்சுற்று. 25.4-ஆல் வகுத்தால் நம்பர். அளப்பது நீண்டுபோன பழைய பெல்ட் என்பதை மறக்க வேண்டாம். கணக்கு 68-க்கும் 69-க்கும் நடுவில் நின்றால் 68 என்று எடுத்துக்கொண்டு, வண்டியோடு வந்த புத்தகத்திலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி அந்த மூன்று விலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், விலை குறைந்தது எஃப்.எச்.பி. என்கிற இலகுரக பெல்ட்டாக இருக்கலாம். வாஷிங் மெஷின் மாதிரி சின்ன மோட்டாருக்கானது அது. அதில் 5எல் என்று ஒரு ரகம், அகலத்தில் பி பெல்ட் மாதிரியே இருக்கும், காடியிலும், அதாவது புல்லியில் பெல்ட் ஓடுகிற பள்ளத்திலும், உட்காரும். டில்லருக்கு அது ஆகவே ஆகாது. அச்சில் எஃப்.எச்.பி. என்றோ 5எல் என்றோ கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள். நடு விலையில் இருப்பது மேலே துணி சுற்றிய சாதாரண பி பெல்ட். பல் வைத்தது பிஎக்ஸ்; அதன் பக்கவாட்டில் துணி இருக்காது, வெட்டிய ரப்பர் தெரியும். சின்ன புல்லியில் நன்றாக வளையும், சூட்டைத் தாங்கும், பிடியும் அதிகம்.

அப்படியானால் பல் வைத்ததையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நம் களிமண் சேற்றில் ரோட்டரிக் கத்தி வேரிலோ வரப்போரக் கட்டையிலோ மோதுகிற வேளைகள் உண்டு. துணி சுற்றிய பெல்ட் அந்த அதிர்ச்சியில் ஒரு கணம் வழுக்கி, அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பல் பெல்ட் விடாமல் பிடித்து அந்த அடியை அப்படியே உள்ளே அனுப்பும். கம்பெனி எதைப் போட்டு அனுப்பியதோ அதே ரகத்தைப் போடுவதுதான் என் வழக்கம். உங்கள் வண்டிக்கு வந்தது துணி பெல்ட் என்றால் அந்த நடு விலைதான் உங்களுக்கு. ஐ.எஸ். 2494 என்கிற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பில் வாங்குங்கள். துணியும் பல்லும் கலந்து ஒரே செட்டில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் பெல்ட்டைவிட இதுதான் முக்கியம். பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு புல்லியையும் டீசல் துணியால் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு காடியாகப் பாருங்கள். பெல்ட் இழுப்பது தன் இரண்டு பக்கங்களால்தான். அடிப்பாகம் எதையும் தொடக் கூடாது. காடியின் அடியில் கரி படிந்து மங்கலாக இருந்தால் நல்லது. அங்கே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு தெரிந்தால், பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பிறகு விரல் நகத்தை மேல் விளிம்பிலிருந்து கீழே இழுங்கள். சுவர் நேராக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் குழிந்திருந்தால் கீழ்ப்பக்கம் ஒரு படியில் போய்த் தட்டும். இரும்பு ஸ்கேலின் நேர் விளிம்பைச் சுவர் மேல் வைத்து, இடைவெளி முக்கால் மி.மீ.க்கு மேல் தெரிந்தால் அந்த புல்லி போய்விட்டது. அதில் எவ்வளவு விலையுள்ள பெல்ட்டைப் போட்டாலும் ஒரு போகம் தாங்காது. வாய்க்கால் தண்ணீரில் வருகிற வண்டல் உப்புத்தாள் மாதிரிதான். பெல்ட்டுக்கும் காடிக்கும் நடுவில் அது புகுந்தால் இரும்பையும் தேய்த்துவிடும். புதிய பெல்ட்டை வைத்துப் பார்க்கும்போது அதன் முதுகு காடி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு இம்மி மேலேயோ நிற்க வேண்டும். உள்ளே இறங்கி நின்றால் காடி தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கையில் இருப்பது தப்பான பெல்ட்.

மாட்டும்போது கடப்பாரை, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். டென்ஷன் புல்லி உள்ள வண்டியானால் அதைத் தளர்த்துங்கள். எஞ்சினை நகர்த்துகிற வண்டியானால் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள். பெல்ட் கையாலேயே ஏற வேண்டும். நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கிற கயிறு அறுந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. நாலைந்து மணி நேரம் ஓடிய பிறகு பெல்ட் காடிக்குள்ளேயே புரண்டு தலைகீழாக நிற்கும், நீங்கள் கடைக்காரரைத் திட்டுவீர்கள். ஏற்றியதும் இரண்டு புல்லியின் முகத்துக்கும் சேர்த்து ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். நாலு இடத்திலும் நூல் தொட்டால் நேராக இருக்கிறது.

இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பெல்ட் புல்லியை விட்டு விலகி நேராகப் போகிற தூரத்தின் நடுவில் அழுத்தினால், மீட்டருக்கு 16 மி.மீ. வீதம் இறங்க வேண்டும். அந்தத் தூரம் 40 செ.மீ. என்றால் ஆறு மி.மீ. சொச்சம். புத்தகத்தில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பிடியுங்கள். மூன்றையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள், மூன்றும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் லொடலொடத்தால் அந்த செட்டை ஓட்டாமல் கடைக்கே எடுத்துப் போங்கள். வெறும் வண்டியில் அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, திரும்பவும் இறுக்கம் பாருங்கள். முதல் நாள் உழவு முடிந்ததும் இன்னொரு தடவை. புதிய பெல்ட் காடியில் பதிந்து தளர்வது இந்த முதல் நாளில்தான். அப்போது கவனிக்காமல் விட்டால் அது வழுக்கி, சூடாகி, ஓரம் கண்ணாடி ஏறிக் கெட்டுவிடும்.

வழுக்குகிறது என்று சிலர் குங்கிலியப் பொடி போடுகிறார்கள். அந்தக் காலத்து அரிசி ஆலைகளில் தட்டை பெல்ட்டுக்குப் போட்டதைப் பார்த்து வந்த பழக்கம். இந்த பெல்ட்டில் அது வண்டலைப் பிடித்து ஒட்டவைக்கும், ரப்பரையும் கெடுக்கும். வழுக்கினால் இறுக்கமும் காடியும்தான் காரணம், அங்கே பாருங்கள். கிரீஸ், டீசல் பட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பெல்ட் கவர் இல்லை. சூடு ஆறட்டும் என்று கழற்றியிருப்பீர்கள். பெல்ட்டின் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுசு பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் கணக்கு, அதனால் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இறுக்கம் சரியாக இருந்தால் அவ்வளவு சூடு வராது. கவர் இல்லாத வண்டியில் கேஜ் வீல் அள்ளி வீசுகிற சேறும் தாளடி வைக்கோலும் நேராகக் காடிக்குள் போகும். அதைவிட, வரப்பில் சாப்பாடு கொண்டுவந்து நிற்கிறவர்களின் முந்தானையையும் உங்கள் தோளில் கிடக்கிற துண்டையும் அந்த பெல்ட் இழுக்க ஒரு நொடி போதும். மூன்று பெல்ட் வாங்குகிற அன்றைக்கே கவரையும் தேடியெடுத்து, நாலு போல்ட்டையும் போட்டு முடுக்கிவிட்டு வயலில் இறங்குங்கள்.