பிரெக்சிற்றுக்குப் பின் பிரித்தானியாவில் படிக்கும் ஐரோப்பிய மாணவர்களின் வதிவிட உரிமை: கேள்வி பதில்

2020 டிசம்பர் 31 இரவு 11 மணியுடன், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் விசா இல்லாமல் பிரித்தானியாவில் வந்து தங்கிப் படிக்கும் உரிமை முடிந்தது. அந்த இரவுக்கு முன்பே இங்கு குடியிருந்தவரா, பின்னர் வந்தவரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலான பதில்கள் அமையும். பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டுகளுடன் இங்கு வாழும் நம் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவள். 2019 இல் லண்டனுக்குப் படிக்க வந்து, பிரீ-செற்றில்ட் ஸ்ரேற்றஸ் (அந்த இரவுக்கு முன்பே வந்தவர்களுக்கான தற்காலிக வதிவிட உரிமை) பெற்றேன். கொரோனாக் காலத்தில் ஒன்பது மாதங்கள் பாரிசில் அம்மா அப்பாவுடன் இருந்து இணையவழியில் படித்தேன். நிரந்தர உரிமைக்கான ஐந்து வருடத் தொடர் வதிவிடக் கணக்கு முறிந்துவிட்டதா?

பதில்: இல்லைத் தங்கச்சி, அந்த ஒன்பது மாதங்களுக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. எந்த 12 மாதத்திலும் 6 மாதங்களுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனாலும் படிப்பு, மகப்பேறு, கடும் நோய் போன்ற முக்கிய காரணத்துக்காக ஒரு முறை 12 மாதங்கள் வரை வெளியே இருந்ததை அந்த விதியே ஏற்றுக்கொள்கிறது. அதைவிட நல்ல செய்தி, 2025 ஜூலை 16 முதல் பிரீ-செற்றில்ட் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் வந்திருப்பதுதான்: விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதங்களை எண்ணி, அதில் மொத்தம் 30 மாதங்கள் இங்கு வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பல்கலைக்கழகக் கடிதம், கவுன்சில் வரிச் சீட்டு, இங்கு செலவு செய்தது தெரியும் வங்கிக் கூற்று ஆகியவற்றை மாத வாரியாக அடுக்கி, எந்த மாதத்துக்கு எந்தத் தாள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வெற்றிடம் எங்கே என்பது உடனே தெரியும்.

கேள்வி: என் பிரீ-செற்றில்ட் ஸ்ரேற்றஸ் தானாகவே நீடிக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. இனி விண்ணப்பிக்காமல் விடலாமா?

பதில்: விட வேண்டாம். மறுபடியும் விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் உரிமை பறிபோவது, பிரெக்சிற்றுக்காக ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த வெளியேற்ற ஒப்பந்தத்துக்கு முரணானது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பயனே அந்த நீடிப்பு. அது உங்களைப் பாதுகாக்கிறது. ஆனால் நிரந்தர வதிவிட உரிமையான செற்றில்ட் ஸ்ரேற்றஸுக்கு ஈடாகாது. வேலை செய்யாத மாணவர் ஒருவர் பிரீ-செற்றில்டை மட்டும் வைத்து இங்கிலாந்தில் வாழ்க்கைச் செலவுக் கடன் கேட்கும்போது மறுக்கப்படுவதுண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லாதபோது தள்ளிப்போடுவதில் எந்த நன்மையும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் 2018 இல் நெதர்லாந்திலிருந்து வந்தபோது மகனுக்கு வயது 11. பிள்ளைகளுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. இப்போது பல்கலைக்கழகம் அவனுடைய ஸ்ரேற்றஸைக் கேட்கிறது.

பதில்: இதே கவலையுடன் பல பெற்றோர் எழுதுகிறார்கள், மனம் தளர வேண்டாம். கடைசி நாள் 2021 ஜூன் 30 ஆக இருந்தபோதும், நியாயமான காரணம் இருந்தால் பிந்திய விண்ணப்பத்தை இன்றும் ஏற்கிறார்கள். 2023 ஓகஸ்ட் 9 முதல் அந்தக் காரணத்தை வாசலிலேயே சோதிக்கிறார்கள். அது போதாது என்று கண்டால் மற்ற ஆதாரங்களைப் பார்க்காமலே விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம் என்பதால், முதல் கடிதமே தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியது நியாயமான காரணம் என்று உள்துறை அமைச்சின் வழிகாட்டலே சொல்கிறது. ஆகவே, தவறு உங்களுடையது என்பதை வெட்கப்படாமல் உங்கள் கையெழுத்துடன் எழுதிக் கொடுங்கள். மகன் 18 வயதைத் தாண்டியிருந்தால், அதன் பிறகு எப்போது, எப்படி அறிந்தான் என்பதையும் நாளுடன் குறிப்பிடுங்கள். பாடசாலைக் கடிதம் ஆண்டு வாரியாக இருக்கட்டும். இதில் தோற்றால் அவன் வெளிநாட்டு மாணவனாகக் கணிக்கப்படக்கூடும். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் 9,535 பவுண்; வெளிநாட்டு மாணவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் அதன் இரு மடங்குக்கு மேல் வாங்குகின்றன. எனவே அனுப்புவதற்கு முன், குடிவரவு ஆலோசனை வழங்க அங்கீகாரம் பெற்ற ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் உள்ள என் தங்கை மான்செஸ்டரில் முதுகலை படிக்க விரும்புகிறாள். அவளுக்கும் இந்த ஸ்ரேற்றஸ் கிடைக்குமா?

பதில்: முன்பு இங்கு வாழாதவர் என்றால் கிடைக்காது, அவர் மாணவர் விசா எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 524 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு மேல் ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் உண்டு. ஜேர்மனியின் ஐரோப்பியச் சுகாதாரக் காப்புறுதி அட்டை இருந்து, இங்கு வேலை செய்யாமல் முழுநேரம் படித்தால் அந்தச் சுகாதாரக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். பலர் அறியாமல் இழக்கும் பணம் இது. வேலை செய்தால், படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலமே அனுமதி.

கேள்வி: வீட்டு உரிமையாளர் என் ஸ்ரேற்றஸ் அட்டையைக் கேட்கிறார். என்னிடம் தாளாக எதுவும் இல்லையே?

பதில்: யாரிடமும் இருக்காது, அது இணையத்தில் மட்டுமே உள்ளது. அரசுத் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பகிர்வுக் குறியீடு (share code; அதைக் கொண்டு அவர் உங்கள் ஸ்ரேற்றஸை இணையத்தில் பார்க்கலாம்) எடுத்துக் கொடுங்கள். அது 90 நாட்களுக்குச் செல்லுபடியாகும். வாடகைக்கு ஒன்று, வேலைக்கு இன்னொன்று என்பதால் காரணத்தைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். புதிய கடவுச்சீட்டு எடுத்திருந்தால், பயணத்துக்கு முன்பே அதன் இலக்கத்தை அதே கணக்கில் பதிந்துவிடுங்கள்.