லாபம் 2,40,000, வங்கியில் 30,000: மீதி எங்கே?

கேள்வி: வணக்கம் ஐயா. பொருட்களை வாங்கி விற்கும் தொழில் தொடங்கி ஒரு வருடம் முடிந்துவிட்டது. கணக்காளர் லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் போட்டுக் கொடுத்தார். நிகர லாபம் 2,40,000 என்கிறார். வங்கியில் இருப்பதோ 30,000தான். கேட்டால் கடனாளிகள், எடுப்பு, தேய்மானம் என்று அடுக்குகிறார். நான் வணிகவியல் படித்தவன் இல்லை. எந்தச் சொற்களை முதலில் கற்றுக்கொள்வது? இரண்டு அறிக்கைகளையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் அறிக்கைகளில் பணம் எதுவும் காணாமல் போகவில்லை. அது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. அதனால் சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் எண்களை வைத்தே பழகுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டு நோட்டில் 'வரவு' என்றால் வந்த பணம், 'செலவு' என்றால் போன பணம். கணக்கியலில் வரவுக்கு எதிர்ச்சொல் செலவு கிடையாது, பற்று. பற்று என்பது கணக்கின் இடப்பக்கம், வரவு என்பது வலப்பக்கம். ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்றுப் பக்கம் ஏறும். வீட்டுப் பழக்கத்தோடு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். உள்ளே வரும் சொத்து பற்று, வெளியே போகும் சொத்து வரவு. பெறுகிற ஆள் பற்று, தருகிற ஆள் வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. விதிகள் இவ்வளவுதான்.

அப்படியானால் நீங்கள் போட்ட பணத்தை வங்கி ஏன் வரவு என்று அச்சிடுகிறது? அது வங்கியின் ஏட்டில் உள்ள உங்கள் கணக்கு. பணத்தைத் தந்தவர் நீங்கள், ஆகவே வரவு. உங்கள் ஏட்டில் அதே தொகை பற்று. இரண்டையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டு, இன்னும் பணமாகாத காசோலை, வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் போன்ற வித்தியாசங்களை எழுதி வைப்பதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல்.

இன்னொரு சொல் 'கடன்காரர்'. பேச்சுத் தமிழில் கடன் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். கணக்கில் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். உங்களுக்குத் தர வேண்டியவர் கடனாளி, அவர் பெயரில் நிற்கும் தொகை உங்கள் சொத்து. நீங்கள் தர வேண்டியவர் கடனீந்தோர், அவருக்குரிய தொகை உங்கள் பொறுப்பு, அதாவது நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டியது.

இனி உங்கள் பணத்தைத் தேடுவோம். தொடக்கத்தில் நீங்கள் தொழிலில் போட்ட சொந்தப் பணம், அதாவது 'முதல்', 5,00,000, வங்கிக் கடன் 3,00,000, ஆக 8,00,000 கையில் இருந்தது. அதோடு நிகர லாபம் 2,40,000ஐக் கூட்டுங்கள்: 10,40,000. இதில் 30,000 மட்டும் மிஞ்சியது எப்படி?

விற்பனை 20,00,000. அதில் 3,50,000 இன்னும் வசூலாகவில்லை. பொருள் கைமாறியதுமே கணக்காளர் அதை விற்பனையாக எழுதிவிடுவார், லாபமும் அன்றைக்கே பதிவாகிவிடும். பணம் மட்டும் கடனாளிகளிடம் நிற்கிறது. கொள்முதல் 14,00,000. வருடக் கடைசியில் 2,00,000க்குச் சரக்கிருப்பு மிஞ்சியதால், விற்ற பொருளின் அடக்கவிலை 12,00,000 மட்டுமே லாபக் கணக்கில் கழிந்தது. மிஞ்சிய சரக்குக்கான பணமும் வெளியே போனதுதான், ஆனால் அது செலவாகாமல் சொத்தாக நிற்கிறது. கொள்முதலில் 1,00,000 நீங்கள் இன்னும் கடனீந்தோருக்குத் தரவில்லை. அது இப்போதைக்கு உங்கள் கையில் தங்கிய பணம்.

சாதனங்கள் வாங்கியது 4,00,000. இது மூலதனச் செலவு, ஒரே வருடத்தில் லாபத்திலிருந்து கழிப்பதில்லை. சாதனத்தின் ஆயுள் வருடங்களுக்குப் பிரித்துக் கழிப்பார்கள், அதுதான் தேய்மானம். ஆயுள் 5 வருடம், கடைசியில் மதிப்பு எதுவும் மிஞ்சாது என்று வைத்து கணக்காளர் வருடம் 80,000 தேய்மானம் எழுதியிருக்கிறார். ஆக, பணம் 4,00,000 போயிற்று, லாபத்தில் குறைந்தது 80,000 மட்டும். அடுத்த 4 வருடமும் பணமே போகாமல் இதே 80,000 லாபத்தைக் குறைக்கும்.

கடன் தவணையில் இரண்டு பகுதி உண்டு. வட்டி 30,000 செலவு. அசல் 60,000 செலவில் வராது, ஏனென்றால் அது பொறுப்பைக் குறைப்பது. கடைசியாக, குடும்பத்துக்காக நீங்கள் எடுத்த 1,80,000. தனி உரிமையாளர் தனக்கு எடுத்துக்கொள்வதைச் சம்பளமாக எழுதுவதில்லை. அதுதான் எடுப்பு. லாபத்தைத் தொடாது, முதலைக் குறைக்கும்.

கூட்டிப் பாருங்கள்: 10,40,000உடன் தேய்மானம் 80,000, தராத கொள்முதல் 1,00,000 சேர்த்தால் 12,20,000. சாதனங்கள் 4,00,000, கடனாளிகள் 3,50,000, சரக்கு 2,00,000, அசல் 60,000, எடுப்பு 1,80,000 ஆக 11,90,000 போக, மிச்சம் 30,000. கணக்கு நேராக வந்துவிட்டது.

இருப்புநிலைக் குறிப்பும் இதையே வேறு வடிவில் சொல்கிறது. சொத்துப் பக்கம் சாதனங்கள் 3,20,000, சரக்கு 2,00,000, கடனாளிகள் 3,50,000, ரொக்கம் 30,000, ஆக 9,00,000. எதிர்ப்பக்கம் கடனீந்தோர் 1,00,000, வங்கிக் கடன் பாக்கி 2,40,000, உங்கள் முதல் 5,60,000. லாப நட்டக் கணக்கு ஒரு வருட ஓட்டம், இருப்புநிலைக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலை. அந்த நாளுக்கு முந்தைய வாரம் நாலு பேரிடம் வசூல் செய்திருந்தாலே படம் மாறியிருக்கும்.

உங்கள் நடப்பு விகிதத்தைக் கவனியுங்கள். ஒரு வருடத்துக்குள் பணமாகும் நடப்புச் சொத்துகள் 5,80,000. ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியவை, அடுத்த வருட அசல் 60,000 உட்பட, 1,60,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் 3.6. பாடப்புத்தகம் 2 இருந்தால் போதும் என்னும், கடன் தருபவரும் தலையாட்டுவார். ஆனால் அந்த 5,80,000இல் கையில் இருப்பது 30,000 மட்டுமே. இந்த விகிதத்தை மட்டும் நம்பி நிம்மதி அடையாதீர்கள்.

நாள் கணக்கு அதைவிட நேர்மையானது. கடனாளிகள் 3,50,000ஐ விற்பனை 20,00,000ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 64 நாள். அதேபோல் சரக்கிருப்பை அடக்கவிலையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் 61 நாள். கடனீந்தோரைக் கொள்முதலால் வகுத்து 365ஆல் பெருக்கினால் 26 நாள். 64உம் 61உம் கூட்டி 26ஐக் கழித்தால் 99. சரக்குக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து அது திரும்பி உங்கள் கைக்கு வர ஏறத்தாழ 99 நாள் ஆகிறது. அந்த இடைவெளியை அடைக்கத் தேவைப்படும் பணம்தான் நடைமுறை மூலதனம். விற்பனை கூடக் கூட இடைவெளியும் பெருத்துப் பணம் இறுகும். லாபத்தில் ஓடிக்கொண்டே முடங்கும் தொழில்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றன.

லாப விகிதத்தில் ஒரு தவறு எல்லோரும் செய்வது. 100க்கு வாங்கி 140க்கு விற்றால் '40 சதவீத லாபம்' என்போம். அது அடக்கவிலையின் மேல் வைத்த ஏற்றம். விற்பனையில் பார்த்தால் 28.6 சதவீதம்தான். உங்கள் மொத்த லாபம், அதாவது விற்பனையில் அடக்கவிலையை மட்டும் கழித்தது, 8,00,000. அது விற்பனையில் 40 சதவீதம். இதை எட்ட 100க்கு வாங்கியதை 166.67க்கு விற்றிருக்க வேண்டும். 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் ஒவ்வொரு 100 விற்பனையிலும் 40 கிடைத்த இடத்தில் 30 கிடைக்கும். அதே லாபத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சரக்கு விற்க வேண்டும்.

வாடகை, கூலி முதலியவை 4,50,000, வட்டி 30,000, தேய்மானம் 80,000. இவை 5,60,000ஐயும் விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத நிலையான செலவாகக் கொண்டு, மொத்த லாப விகிதமான 0.40ஆல் வகுத்தால் 14,00,000. இதுதான் உங்கள் சமநிலைப் புள்ளி, அதற்குக் கீழே விற்றால் நட்டம்.

குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகியவை கணக்காளரின் பட்டறைச் சாமான்கள். நடந்ததை நாள்வாரியாக எழுதுவது குறிப்பேடு, கணக்கு வாரியாகப் பிரித்துப் போடுவது பேரேடு, இரு பக்கமும் சமமா என்று பார்ப்பது இருப்பாய்வு. ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரு இடத்தில் எழுதுவது இரட்டைப் பதிவு முறை. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கிய அந்த முறைதான் இன்றும் அடிப்படை. ஆனால் இருப்பாய்வு சமமானாலே கணக்கு சரி என்று நினைக்காதீர்கள். எழுதவே விட்டுப்போன ரசீதையும், பழுதுபார்த்த செலவைச் சாதனக் கணக்கில் ஏற்றியதையும் அது காட்டாது. சமமாகாவிட்டால், வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். 540ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இரட்டைப்படை எண்ணானால் அதன் பாதித் தொகையைத் தேடுங்கள், பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம்.

அடுத்து கணக்காளரைப் பார்க்கும்போது மூன்று கேளுங்கள்: கடனாளிகளை 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்த பட்டியல், அதில் வாராக்கடன் ஆகக்கூடியவை எவை, அடுத்த 13 வாரத்துக்கான ரொக்க வரவு-செலவு மதிப்பீடு. இந்தக் கடைசித் தாளில் மட்டும் 'வரவு' என்பது நீங்கள் வீட்டில் சொல்லும் அதே வரவுதான்.